விதைநெல்லும் புகைமணியும்

விதைநெல்லையும் உணவுநெல்லையும் ஒரே குதிரில் கொட்டி வைக்கும் உழவன் இல்லை. உணவுநெல் நாள்தோறும் குறையும், அறுவடைதோறும் நிறையும். விதைநெல்லோ பருவம் வரும்வரை கைபடாமல் இருத்தல் வேண்டும். இரண்டையும் கலந்தவன் பஞ்ச நாளில் விதையையும் சேர்த்து உண்டுவிடுவான். இக்காலத்து இல்லங்களைத் தீயினின்று காக்கும் புகைமணிக்கும் இவ்வாறு பிரித்து வைத்தலே உயிர்நாடி என்பது என் கருத்து.

அறையின் மேற்புறத்தில் பொருத்தப்படும் புகைமணிகளுள் ஒரு வகையில் சிறியதோர் இருட்டறை உண்டு. அதனுள் ஒளி பாய்ந்துகொண்டிருக்கும். ஒளியை உணரும் உறுப்போ அவ்வொளி நேரே படாதவாறு ஒதுங்கியிருக்கும். புகை நுழைந்தால் ஒளி சிதறி அவ்வுறுப்பின்மேல் விழும். உடனே மணி அலறும். எவ்வளவு ஒளி விழுந்தால் புகை எனக் கொள்வது? அதற்குரிய அளவு தொழிற்சாலையிலேயே சோதித்துக் கருவியின் நினைவகத்தில் பதிக்கப்படுகிறது. கருவியை இயக்கும் நிரலும், மணி ஒலித்த நேரம் முதலிய குறிப்புகளும் அந்நினைவகத்திலேயே தங்குகின்றன.

இத்தகைய கருவிகளில் ஃபிளாஷ் என்னும் நினைவகம் பெரிதும் பயன்படுகிறது. ஜப்பானியப் பொறியாளர் புஜியோ மசுவோகா 1984-ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தது அது. மின்சாரம் நின்றாலும் அதில் எழுதியது அழியாது. ஆயினும் அதற்குக் குறைகள் இரண்டு உண்டு. ஒரு சொல்லை மட்டும் அழித்தெழுத இயலாது. அச்சொல் உள்ள பகுதி முழுவதையும் துடைத்தே எழுத வேண்டும். பல்லாயிரம் முறை துடைத்தால் அப்பகுதி தேய்ந்து கெடும். ஆதலின், அன்றாடக் குறிப்பும் புகையின் அளவும் ஒரே பகுதியில் இருந்தால், குறிப்பைத் துடைக்கும்பொழுது அளவும் துடைபடும். அந்நொடியில் மின்கலம் ஓய்ந்தால் யாது நேரும்? கருவி இருக்கும், புகை இன்னதென அறியாது. வீட்டார் அதனை நம்பி உறங்குவர்.

ஆகவே, தேர்ந்த பொறியாளர் நினைவகத்தைப் பாத்தி கட்டிப் பிரிக்கின்றனர். தொடக்க நிரலுக்கு ஒரு காப்பிடம். அளவுகளுக்கு ஒரு தனியிடம். குறிப்புகளுக்குச் சுழற்சி முறையில் எழுதும் வேறோர் இடம். புதிய நிரல் வரின் அதனை வேறிடத்தில் எழுதிப் பிழையின்மை கண்ட பின்னரே பழையதை விடுகின்றனர்.

“சிறு கருவிக்கு இத்துணைப் பகுப்பு எதற்கு? இடமும் பொருளும் வீணன்றோ?” என்பர் சிலர். நிரலுக்கு ஈரிடம் வைத்தால் இடம் மிகுதியாகச் செலவாகும் என்பது உண்மையே. ஆயினும், ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் புகைமணி தேவைப்படுவது ஓரிரவில்தான். அவ்வோரிரவில் அது வாய் திறவாவிடின், மிச்சம் பிடித்த காசு யாருக்குப் பயன்படும்?

மாணவர்களே! மாறுவது இது, மாறக்கூடாதது இது எனப் பகுத்தறிந்து, இரண்டிற்கும் இடையே வரம்பு கட்டுங்கள். குதிருக்கும் கருவிக்கும் அதுவே காப்பு.