மூன்று வயதுக்கு என்ன அவசரம்?

விஜயதசமி வந்தால் போதும், சென்னையிலும் கோவையிலும் பெயர் பெற்ற தனியார் பள்ளிகளைச் சுற்றி அடுத்த ஜூனுக்கான எல்.கே.ஜி. அட்மிஷன் பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது. பொங்கலுக்குள் சீட் முடிந்துவிடும் என்று வாட்ஸ்அப் குழுக்கள் பதற வைக்கின்றன. இன்னும் பாட்டில் பாலை மறக்காத பிள்ளைக்காக அப்பா ஆபீஸுக்கு லீவு போடுகிறார். அம்மா 'ரெட், ப்ளூ, யெல்லோ' சொல்லிக் கொடுக்கிறார். தாத்தா தன் ஓய்வுப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறார். "இப்ப விட்டா அப்புறம் கிடைக்காதுங்க" என்பதே எல்லோர் வாயிலும். எந்தப் பள்ளி என்று மாதக்கணக்கில் அலசுகிற வீட்டில்கூட, ஏன் இந்த வயதிலேயே என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டால் விடை குழந்தையிடம் இல்லை, சட்டத்தில் இருக்கிறது என்பது தெரியவரும்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவில் குழப்பம் ஏதுமில்லை. பள்ளிகள் நன்கொடை வாங்கக் கூடாது. வாங்கினால் அந்தத் தொகையைப் போல 10 மடங்கு வரை அபராதம். பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்த்துச் சேர்க்கக் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அதற்குப் பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல் போடலாம், பொறுக்கி எடுக்கக் கூடாது. ஆனால் இந்தச் சட்டம் காப்பது 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளை. எல்.கே.ஜி. வாசலில் நிற்கிற மூன்று வயதுக்காரர் அதன் கண்ணில் படுவதில்லை.

டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு இந்த விஷயமே வழக்காக வந்தது. நலிந்த பிரிவினருக்கான 25 சதவீத இடங்களைத் தவிர, மற்ற நர்சரி இடங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2013 பிப்ரவரியில் தீர்ப்பானது. சட்டத்தைத் திருத்துவது பற்றி அரசு யோசிக்கட்டும் என்றும் நீதிபதிகள் சொல்லிவைத்தார்கள். இத்தனை ஆண்டுகள் ஓடியும் நாடாளுமன்றம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அன்றைய தலைமை நீதிபதி டி.முருகேசன். பின்னாளில் தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கையை வகுக்க 2022-ல் அமைக்கப்பட்ட குழுவின் தலைவரும் அவரே.

ஆக, ஒன்றாம் வகுப்பு வாசலில் செய்தால் குற்றமாகிற காரியத்தை எல்.கே.ஜி. வாசலில் செய்தால் கேட்பாரில்லை. 'இன்டர்வியூ' என்ற பெயர் மட்டும் 'இன்டராக்ஷன்' என்று மாறியிருக்கிறது. ஒன்றாம் வகுப்பு வரும்போது இடமே காலியாக இருக்காது. பொறுக்கும் வேலை முன்பே முடிந்திருக்கும். மூன்று வயதுப் பிள்ளையிடம் அளப்பதற்குத்தான் என்ன இருக்கிறது? அன்று காலை நன்றாகத் தூங்கி எழுந்ததா என்பதை வேண்டுமானால் அளக்கலாம். அளக்கப்படுவது அப்பாவின் சம்பளம், அம்மாவின் பட்டம், இருவரின் ஆங்கிலம். பள்ளி நிர்வாகங்களின் கணக்கு நமக்குப் புரிகிறது. ஒரு சேர்க்கையில் 14 வருட ஃபீஸ் உறுதி என்றால் எந்த வியாபாரிதான் வேண்டாம் என்பார்? ஆனால் அது அவர்கள் கணக்கு. அதை நம் வீட்டுக் காலண்டரில் ஏன் குறித்துக்கொள்கிறோம்?

வயது விஷயத்திலேயே நாடு ஒரு முடிவுக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் ஜூலை 31-ல் 5 வயது நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு; அதன்படி எல்.கே.ஜி.க்கு 3. கேந்திரிய வித்யாலயாக்களில் 2022-23 முதல் ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது நிறைந்திருக்க வேண்டும். அதை எதிர்த்த பெற்றோர் உச்ச நீதிமன்றம் வரை போயும் பலனில்லை. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை சொல்வதும் 6. முருகேசன் குழு 5 போதும் என்றது. எந்தப் பக்கம் சரி என்ற விவாதம் நடக்கட்டும். நிபுணர்களுக்குள்ளேயே ஒரு முழு வருட வித்தியாசம் இருக்கும்போது, ஒரு வருடம் தாமதித்தால் பிள்ளையின் எதிர்காலம் போச்சு என்று பெற்றோர் நடுங்குவதில் அர்த்தமில்லை. மூன்று நிறைந்தால் சேர்க்கலாம் என்பது அனுமதிதான். அதைக் கட்டளையாக மாற்றிக்கொண்டது நாம்.

இதில் பிறந்த மாதத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஜூலையில் பிறந்த பிள்ளையும், அதற்கு முந்தைய ஆகஸ்டில் பிறந்த பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். முப்பது வயதில் 11 மாத இடைவெளி ஒன்றுமில்லை. மூன்று வயதில் அது வாழ்ந்த காலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பென்சில் பிடிக்கும் விரல், ஓரிடத்தில் உட்காரும் பொறுமை, பாத்ரூம் போக வேண்டும் என்று டீச்சரிடம் சொல்லும் துணிவு எல்லாவற்றிலும் அந்த இடைவெளி தெரியும். அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ எல்லையாக வைத்த மாநிலங்களில் நடந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. வகுப்பிலேயே இளையவர்களான ஆகஸ்ட் பிள்ளைகளுக்கு, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட, கவனக்குறைவுக் கோளாறு என்று மருத்துவர்கள் முத்திரை குத்துவது 34 சதவீதம் அதிகமாக இருந்தது. பாதிக் கோளாறு பிள்ளையிடம் இல்லை, பிறந்த தேதியில் இருக்கிறது என்று நமக்குப் படுகிறது. மே, ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளையை ஒரு வருடம் கழித்துச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் சோம்பேறிகளும் அல்ல, அசட்டையானவர்களும் அல்ல.

நம் ஊர்ப் பழைய வாத்தியார்களுக்கு இது வேறு வழியில் தெரிந்திருந்தது. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடு என்பார்கள். எட்டினால் ஒன்றாம் வகுப்பு, எட்டாவிட்டால் அடுத்த வருடம் வா. (எட்டியவர்களுக்கு ரெஜிஸ்டரில் ஒரு ஜூன் தேதியைப் பிறந்த நாளாக எழுதிவைத்ததில், ஒரு தலைமுறையே தாசில்தார் கையெழுத்துக்கு அலைந்தது தனிக் கதை.)

வேலைக்குப் போகும் பெற்றோரின் நெருக்கடியை நாம் மறக்கவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி இல்லாத வீட்டில், பள்ளி என்பது படிப்பு மட்டுமல்ல, பாதுகாப்பும்தான். ஆனால் பல பெரிய பள்ளிகளில் எல்.கே.ஜி. மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது. பிறகு வேன், பிறகு டே கேர், சாயங்காலம் இன்னொரு வண்டி. அதற்கு பதில் தெருக்கோடியில் இருக்கும் நல்ல பிளே ஸ்கூல் போதாதா? 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டன. பக்கத்தில் ஒன்று இருந்தால் ஒரு நாள் போய் எட்டிப் பார்ப்பதில் குறைவேதும் வந்துவிடாது.

நடுவில் சேர்ப்பது எளிது என்று சொல்லமாட்டோம். ஆறாம் வகுப்பில் இடங்கள் சொற்பம்தான். ஆனால் வங்கியிலும் மத்திய அரசிலும் வேலை பார்ப்பவர்கள் வருடந்தோறும் மே மாதத்தில் ஊர் மாறுகிறார்கள், அவர்கள் பிள்ளைகளின் இடம் காலியாகிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பதினொன்றாம் வகுப்பில் பெரிய கலைத்துப்போடலே நடக்கிறது. அந்த நேரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. எல்.கே.ஜி.யிலிருந்து கூடவே வந்த பிள்ளையிடம், மார்க் போதாது, கேட்ட குரூப் கிடையாது, டி.சி. வாங்கிக்கொள் என்று சொல்லத் தயங்காத பள்ளிகள் உண்டு. மூன்று வயதில் வாங்கிய சீட் பிளஸ் டூ வரைக்கும் உத்தரவாதம் என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் இதை அறிந்துவைத்திருப்பது நல்லது. எட்டாம் வகுப்பைத் தாண்டினால் கல்வி உரிமைச் சட்டமும் துணைக்கு வராது.

கல்வி பொதுப் பட்டியலில் இருக்கிறது. தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009-ல் தானே ஒரு சட்டம் போட்ட மாநிலம் இது. மழலையர் சேர்க்கையில் பிள்ளையையும் பெற்றோரையும் சோதிப்பதற்கு இங்கேயே தடை போடலாம், டெல்லியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்னொரு முரணும் உண்டு. 25 சதவீத இடங்களுக்கு வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில்தான் விண்ணப்பம் வாங்கப்படுகிறது. பணம் கட்டிச் சேருபவர்களுக்கோ அதற்கு ஐந்தாறு மாதம் முன்பே கதவு திறந்து மூடிவிடுகிறது. ஒரே வகுப்பில் உட்காரப்போகும் பிள்ளைகளுக்கு எதற்கு இரண்டு காலண்டர்? ஏப்ரலுக்கு முன் எந்தப் பள்ளியும் எல்.கே.ஜி. விண்ணப்பம் கொடுக்கவோ முன்பணம் வாங்கவோ கூடாது என்று பள்ளிக் கல்வித் துறை உத்தரவிட வேண்டும். மீறும் பள்ளிகளின் பெயரை ஊரறிய வெளியிடவும் வேண்டும்.