டொக்டர் ஆகாத சுகாதாரப் படிப்பு

எனது மூத்த மகன் மிஹிந்தலையிலுள்ள ரஜரட்ட பல்கலைக்கழகத்தின் சுகாதார மேம்பாட்டுக் கற்கைநெறிக்குத் தெரிவானபோது நான் மகிழவில்லை. மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. "டொக்டராக முடியாத சுகாதாரப் படிப்பு எதற்கு மகன்? கடைக்கு வாங்க" என்றேன். அவர் கேட்கவில்லை. அரைமனதோடு அனுப்பி வைத்தேன்.

முப்பது வருடங்களாகப் பலசரக்கு வியாபாரம் செய்யும் எனக்குச் சுகாதாரம் என்றால் பீ.எச்.ஐ. மஹத்தயாதான். பூஞ்சணம் பிடித்த ஒரு மூடை செத்தல் மிளகாய்க்காக ஒருமுறை நீதிமன்றத்தில் தண்டமும் கட்டியிருக்கிறேன். அதையும் ஒரு செலவாகவே கணக்கில் எழுதினேன்.

சென்ற விடுமுறையில் மகன் களஞ்சியத்தைப் பார்த்துவிட்டு, "வாப்பா, மூடைகளை ஏன் வெறும் நிலத்தில் அடுக்கியிருக்கிறீங்க?" என்று கேட்டார். நிலத்தின் ஈரம் மூடையில் ஏறும். ஈரத்தில் பூஞ்சணம் வளரும். சிலவகைப் பூஞ்சணம் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். சமைத்தாலும் அது முற்றாக அழியாது. ஈரல் புற்றுநோய்க்கும் காரணமாகும் என்றார். நான் தண்டம் கட்டியது எதற்கென்று அன்றுதான் விளங்கியது.

2021இல் இறக்குமதியான தேங்காயெண்ணெயில் இதே நஞ்சு இருப்பதாகச் செய்தி வந்தபோது, எங்கோ இறக்கிய சரக்குக்காக என் கடை எண்ணெயையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். 1950களின் இறுதியில் எமது நாட்டின் உலர் தேங்காய்த்துருவலில் சல்மொனெல்லா கிருமி இருப்பது பிரித்தானியாவில் கண்டறியப்பட்டது. பின்னர் தேங்காய்ப் பருப்பைச் சுடுநீரில் பதப்படுத்துவது போன்ற ஒழுங்குகள் வந்தன. கிருமியைக் கண்டறிந்து வழி சொன்ன அறிவுதான் ஏற்றுமதியையும் காப்பாற்றியது.

நோயாளியைக் குணப்படுத்துபவர் டொக்டர். நோய் வராமல் ஊரைக் காப்பது பொதுச் சுகாதாரம். களுத்துறையில் 1926இல் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமான நாடு இது. 1934-35 மலேரியாவில் சுமார் எண்பதாயிரம் பேரை இழந்த இதே நாட்டுக்கு, மலேரியா அற்ற நாடு என்ற சான்றை 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் வழங்கியது. வைத்தியசாலைக் கட்டில்களால் மட்டும் கிடைத்த வெற்றியல்ல அது. வீடு வீடாக மருந்து தெளித்தவர்களும் இரத்தம் பரிசோதித்தவர்களும் கணக்கெடுத்தவர்களும் சேர்ந்து பெற்றது.

எமக்கு இன்னொரு காரணமும் உண்டு. கொரோனாவில் மரணித்தோரை எரிக்க வேண்டுமென 2020இல் வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்றே உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் கூறியது. அதை விஞ்ஞான மொழியில் எடுத்துரைக்க, இத்துறை கற்றவர்கள் எம்மிடையே போதியளவு இருக்கவில்லை என்பது எனது கருத்து. 2021 பெப்ரவரி வரை எத்தனை குடும்பங்கள் கண்ணீர் வடித்தன!

இப்பட்டம் பெற்றவர்களுக்கெல்லாம் அரச தொழில் காத்திருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உணவுத் தொழிற்சாலை, ஹோட்டல், ஏற்றுமதி என எமது வியாபாரங்களுக்கே இந்த அறிவு தேவை. எமது வர்த்தக சங்கங்கள் மருத்துவம், பொறியியல் மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் வழங்கும்போது, இத்துறைக்கும் ஒன்றை ஒதுக்கினால் என்ன?

எனக்குப் பின் கடையை யார் பார்ப்பது என்ற கவலை இன்னும் தீரவில்லை. ஆனால் மூடைகள் இப்போது பலகைகளின் மேல் இருக்கின்றன. சென்ற மாரியில் ஒரு மூடைகூடப் பழுதாகவில்லை.