பாட்டிகிட்ட ஒரு பாட்டு இருக்கு!

ஜவ்வாதுமலைக்கு பைக்ல ஒரு ரவுண்டு அடிச்சிருப்பீங்க. பீமன் அருவியில் குளியல், அப்படியே காவலூர் வைணு பாப்பு டெலஸ்கோப்... 1986-ல் திறந்த அந்த 2.3 மீட்டர் கண்ணாடி, எங்கேயோ இருக்கிற நட்சத்திரத்தோட வெளிச்சத்தைக்கூடப் பிடிச்சுடும். பக்கத்து ஊர்ப் பாட்டி பாடுற பாட்டு மட்டும் நம்ம காதுக்கு எட்டலை!

'இந்தக் காலத்துப் பசங்களுக்கு சினிமா பாட்டுதான் பிடிக்குது'ன்னு பெரியவங்க பழியை உங்க தலையில் போட்டுடுவாங்க. அவ்வளவு சுலபம் இல்லை பாஸ். நாட்டுப்பாட்டு தனியா நிற்காது. வேலையோட ஒட்டிக்கிட்டுத்தான் வரும். சாமையை உரலில் போட்டு ரெண்டு பேர் மாறி மாறிக் குத்தும்போது உலக்கை மோதாமல் விழணும். அதுக்குத் தாளம் வேணும், தாளத்துக்குப் பாட்டு வேணும். இப்போ மெஷினில் கொடுத்தால் உமி நீங்கி அரிசியா வந்துடுது. பொம்பளைங்களுக்குத் தோள் வலி மிச்சம். இதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா, பாட்டுக்கு வேலை போயிடுச்சு.

அதோட, கேட்டுப் பழக வேண்டிய பசங்க ஊரில் இருந்தால்தானே? பிழைப்பு தேடி மலையை விட்டு இறங்கிடுறாங்க. 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டு, தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தாங்க. அதில் ஜவ்வாதுமலைக்காரங்களும் இருந்தாங்க. பாட்டு ஏன் நின்னு போச்சுன்னு ஆராய்ச்சி பண்றவங்க இந்தக் கணக்கையும் சேர்த்துக்கணும்.

சரி, சினிமா காப்பாத்துமா? அட்டப்பாடியில் ஆடு, மாடு மேய்த்த நஞ்சியம்மா, 'அய்யப்பனும் கோஷியும்' (2020) படத்தில் இருளர் மொழியில் பாடினார். 2022-ல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதே கிடைச்சுது! உடனே, 'முறையா சங்கீதம் படிக்காதவருக்கா?'ன்னு ஒரு சர்ச்சை. (காட்டுப் பாட்டை சுருதிப் பெட்டி வெச்சு அளந்தால் இப்படித்தான்!) ஆனா ஒண்ணு கவனிங்க. அவர் பாட்டுன்னு நம்மில் பலருக்குத் தெரிஞ்சது அந்தப் படத்தில் வந்தது மட்டும்தான். மத்ததெல்லாம் இன்னும் மலையிலேயேதான் இருக்கு.

பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி சேகரிச்ச நாட்டுப்பாடல்களை கி.வா.ஜகந்நாதன் பதிப்பிச்சு, 1958-ல் 'மலையருவி' புத்தகம் வந்தது. வார்த்தைகள் பிழைச்சுது. மெட்டு? அது காகிதத்தில் ஏறலையே! உங்க பாக்கெட்டில் இருக்கிற போனில் ஏறும்.

அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப் ஜமுனாமரத்தூர் பக்கம் போட்டா, சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. முதல்ல அனுமதி கேளுங்க. எந்த வேலைக்கு, எந்த மாசத்தில் பாடுவாங்க, யார்கிட்ட கத்துக்கிட்டாங்கன்னு எழுதிக்கோங்க. ஒப்பாரியைப் 'பாடிக் காட்டுங்க'ன்னு மட்டும் அடம்பிடிக்காதீங்க. சாவு விழாத வீட்டில் அதைப் பாடப் பல பேர் தயங்குவாங்க. ரீல்ஸுக்காக முப்பது செகண்டா நறுக்கவும் வேணாம். கிளம்புறதுக்கு முன்னாடி, அந்தப் பாட்டியோட பேரன், பேத்தி போனுக்கு ஒரு காப்பி அனுப்பிட்டு பஸ் ஏறுங்க!