கூலி சொல்லாத விளம்பரம்

மூன்றாம் ஆண்டு மாணவன், இளங்கலை ஆங்கில இலக்கியம்

கடைத்தெருவில் ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் அதன்மேல் விலை அச்சிடப்பட்டிருக்கிறது. தேநீர்க் கடையிலும் விலைப்பலகை தொங்குகிறது. அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஓர் அறிவிக்கை வெளியிட்டால், பணியின் பெயரோடு ஊதிய நிலை இன்னது, தொடக்கம் இவ்வளவு, உச்சம் இவ்வளவு என்று குறிப்பிட்டு விடுகிறது. ஆனால் இணையத்தில் நாள்தோறும் வெளிவரும் ஒருவகை விளம்பரத்தில் மட்டும் எல்லாம் இருக்கும், கூலி இருக்காது. "ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை. மிக அவசரம். தரம் முக்கியம். தங்களுடைய குறைந்தபட்சக் கட்டணத்தைத் தெரிவிக்கவும்." இதுதான் அதன் வாசகம்.

இந்த வாசகத்துக்குள் மறைந்திருக்கும் அநீதியைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். நம் கல்லூரியில் தமிழும் ஆங்கிலமும் பயிலும் தோழர்கள் சிலர் விடுதிக் கட்டணத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் இப்பணியை நாடுகின்றனர். படிப்பை முடித்தபின் இதையே பிழைப்பாகக் கொள்ள எண்ணுவோரும் உண்டு. ஆகவே இது நம்மைப் பற்றிய செய்தி.

என் தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்பவர். வயலில் கால் வைக்குமுன், "கூலி எவ்வளவு? எத்தனை மணி வரை?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு இருந்த தெளிவு, கல்லூரியில் படிக்கும் எனக்கு இல்லாமற் போயிற்று. இரண்டாம் ஆண்டில் நான் முதன்முதலாக இத்தகைய விளம்பரம் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். கட்டணம் என்ன என்று கேட்டார்கள். சந்தை நிலவரம் எனக்குத் தெரியாது. அதிகம் கேட்டால் வேலை கைநழுவிப் போய்விடுமோ என்ற அச்சத்தில், சொல்லுக்கு முப்பது காசு என்று எழுதினேன். மறுநிமிடமே "சரி" என்று பதில் வந்தது. அவ்வளவு விரைவில் வந்த சம்மதமே என்னை எச்சரித்திருக்க வேண்டும்.

நோயாளிகளுக்கான மருந்துக் குறிப்பேடுகள் அவை. ஆங்கிலத்தில் மொத்தம் ஆறாயிரம் சொற்கள். ஒன்பது இரவுகள் விழித்து முடித்தேன். 1,800 ரூபாய் வரும் என்று கணக்கிட்டிருந்தேன். வந்ததோ 1,230 ரூபாய்; அதுவும் நான்காம் மாதத்தில். காரணம் கேட்டபோது, "நாங்கள் தமிழ்ச் சொற்களைத்தான் எண்ணுவோம்; அவை 4,100 தான்" என்றார்கள். விளம்பரத்திலோ கடிதத்திலோ இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதிலுள்ள சூட்சுமத்தைத் தமிழ் மாணவர்கள் எளிதில் உணர்வார்கள். நம் மொழி ஒட்டுநிலை மொழி. வேற்றுமை உருபும் இடைநிலையும் விகுதியும் சொல்லோடு சேர்ந்தே நிற்கும். "வராதவர்களுக்காகவும்" என்னும் ஒரே சொல்லை ஆங்கிலத்தில் எழுத ஆறு ஏழு சொற்கள் வேண்டும். எனவே ஆங்கில மூலத்தை எண்ணிக் கூலி தருவதும், தமிழாக்கத்தை எண்ணிக் கூலி தருவதும் ஒன்றாகா. உழைப்பு ஒன்றே; கூலியில் மூன்றில் ஒரு பங்கு மாயமாய் மறைந்து விடுகிறது. நம் மொழியின் செறிவு நமக்கே நட்டமாக முடிவது எவ்வளவு வேடிக்கை!

என் நட்டம் சிறிது. அதைவிடப் பெரிய நட்டத்தை நான் இன்னொருவருக்கு விளைவித்தேன் என்பதைப் பின்னரே அறிந்தேன். செப்டம்பர் 30ஆம் நாள் உலகெங்கும் மொழிபெயர்ப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2017இல் அதனை ஏற்றுக்கொண்டது. அந்நாளில் எங்கள் துறையில் நடைபெற்ற கூட்டத்துக்கு முன்னாள் மாணவியர் ஒருவர் வந்திருந்தார். கணவரை இழந்தபின் இரண்டு பிள்ளைகளையும் மொழிபெயர்ப்பு வருவாயில் படிக்க வைப்பவர். மருந்துக் குறிப்பேடுகளை ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு ரூபாய் வீதம் பல ஆண்டுகளாகச் செய்து வந்ததாகவும், அவ்வாண்டு திடீரென்று, "குறைந்த விலைக்கு ஆள் கிடைத்துவிட்டார்" என்று நிறுத்தி விட்டதாகவும் கூறினார். நிறுவனத்தின் பெயரைச் சொன்னார். எனக்கு உடல் குன்றிப் போயிற்று. கூட்டம் முடிந்ததும் அவரிடம் சென்று, "அக்கா, அந்த ஆள் நான்தான்" என்றேன்.

அவர் சினம் கொள்ளவில்லை. "தம்பி, நீ கேட்டது குறைவு என்று உனக்கு எப்படித் தெரியும்? ஒரு ரூபாய் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் நீ முப்பது காசு கேட்டிருப்பாயா?" என்றார்.

அந்த வினாவே இக்கட்டுரையின் சாரம். கூலியை மறைக்கும் விளம்பரம் வெறும் மறதியால் எழுந்ததன்று. தொகுப்பவர்க்கு எல்லாருடைய விலையும் தெரியும். விண்ணப்பிப்பவர்க்குத் தம் விலை மட்டுமே தெரியும். இருட்டில் நடக்கும் ஏலத்தில் கண் தெரிந்தவர் ஒருவரே என்றால், வெற்றி யாருக்கு? புதியவர் அறியாமையால் விலையைக் குறைக்கிறார். பழகியவர் அதனால் வேலை இழக்கிறார். நாளை அப்புதியவரே பழகியவராகும்போது இன்னொரு புதியவர் வந்து நிற்கிறார்.

இழப்பு இவ்விருவரோடு நிற்பதில்லை. மொழிபெயர்ப்புப் பணிக்கான பன்னாட்டுத் தரம், 2015இல் வெளியிடப்பட்ட ஐ.எஸ்.ஓ. 17100, ஒருவர் மொழிபெயர்த்ததை வேறொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்கிறது. முப்பது காசில் இரண்டாமவருக்கு ஏது இடம்? நான் அரைத் தூக்கத்தில் எழுதிய மருந்தளவை யாரேனும் சரிபார்த்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதைப் படிக்கும் நோயாளிக்கும் தெரியாது.

இயந்திர மொழிபெயர்ப்பு வந்தபின் இருட்டு இன்னும் அடர்ந்திருக்கிறது. கூகுள் நிறுவனம் 2011இல் தமிழைச் சேர்த்தது. 2017இல் நரம்பியல் வலையமைப்பு முறைக்கு மாற்றியது. கருவி நல்லதே, அதை யாரும் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் "சிறு திருத்தப் பணி" என்று விளம்பரம் செய்து, இயந்திரம் தந்த வரைவை அனுப்பி, முழுக் கூலியில் ஒரு சிறு பங்கைத் தருகிறார்கள். ஒரு வாக்கியத்தில் "நீ" என்றும், அடுத்ததில் "நீங்கள்" என்றும், எழுவாய் ஒருபுறமும் வினை ஒருபுறமுமாய்க் கிடக்கும் வரைவைச் செப்பனிடுவதைவிடப் புதிதாக எழுதுவது எளிது என்பது செய்து பார்த்தவர்க்கே விளங்கும்.

"திறமை ஆளுக்கு ஆள் வேறுபடும், ஒரே கூலியை எப்படிக் குறிப்பிடுவது?" என்று கேட்பார்கள். ஒரே கூலி வேண்டும் என்று நாம் கோரவில்லை. இதிலிருந்து இதுவரை என்று வரம்பு சொன்னால் போதும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதலும், நியூயார்க் நகரில் 2022 நவம்பர் முதலும் வேலை விளம்பரங்களில் ஊதிய வரம்பைக் குறிப்பிடுவது சட்டக் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியமும் 2023இல் ஊதிய வெளிப்படைத்தன்மைக்கு ஆணை பிறப்பித்தது. ஆயினும் இவையெல்லாம் முதன்மையாக ஊழியர்களாய்ச் சேர்வோருக்கே. ஃப்ரீலான்ஸ் என்னும் பெயரில் தனித்து உழைப்பவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். யுனெஸ்கோ 1976இல் நைரோபி மாநாட்டில் மொழிபெயர்ப்பாளருக்கு நியாயமான ஊதியமும் எழுத்து வடிவில் ஒப்பந்தமும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது.

நம் நாட்டில் வழியே இல்லை என்று கூற முடியாது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, குறுந்தொழிலாகப் பதிவு பெற்றவரின் பணியை ஏற்றுக்கொண்ட நிறுவனம், ஒப்பந்தம் எதுவாயினும் 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல் மும்மடங்கு வட்டி சேரும். உத்யம் எனப்படும் அப்பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இச்சட்டம் காலந்தாழ்ந்த கூலியைத்தான் மீட்டுத் தரும். குறைந்த கூலியை உயர்த்தாது. அதற்கு நாம்தான் வாய் திறக்க வேண்டும்.

விளம்பரம் எதிலும் ஐந்து செய்திகளை எதிர்பார்ப்போம். கூலி எவ்வளவு, எந்த நாணயத்தில்? எண்ணுவது மூலத்தையா, தமிழாக்கத்தையா? பணி புதிய மொழிபெயர்ப்பா, இயந்திர வரைவின் திருத்தமா? பணம் எத்தனை நாளில் வரும்? தருபவரின் உண்மைப் பெயரும் முகவரியும் யாவை? "மாதிரிக்கு" என்று பக்கம் பக்கமாக இலவசமாய் எழுதி வாங்குவோரையும் இந்த ஐந்து கேள்விகள் விலக்கி விடும். விடை வராத இடத்தில் நாம் விலை சொல்ல வேண்டாம்.

"நான் மறுத்தால் இன்னொருவர் செய்துவிட மாட்டாரா?" என்ற வினாவும் எழும். செய்வார். பசியின் முன் அறிவுரை செல்லாது என்பதை அறிவேன். அந்த 1,230 ரூபாய் எனக்குத் தேர்வுக் கட்டணமாயிற்று. ஆகவேதான் தனி மனிதரின் மறுப்பைவிடப் பலருக்கும் தெரிந்த கணக்கு வலியது என்கிறேன். நம் துறை நூலகத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். மொழிபெயர்ப்புப் பணி செய்யும் ஒவ்வொருவரும் எத்தனை சொல், எவ்வளவு கூலி, எந்நாளில் வந்தது என்று மூன்றே வரிகள் எழுதட்டும். அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கையர் விலை கேட்கப்படும்போது அதைப் புரட்டிப் பார்த்துப் பதில் எழுதட்டும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு இசைவு தர வேண்டுகிறேன். முதற்பக்கத்தில் என் முப்பது காசை நானே எழுதுகிறேன்.

தொல்காப்பியர் வழிநூலின் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக வைத்தார். அத்தனை பழைய பெருமை உடைய தொழில் இது. பெருமை இருக்கட்டும், கூலியைப் பேசிவிட்டு வயலில் இறங்குவோம்.