மருந்து என்னும் ஒரு சொல்

ஆசிரிய நண்பர்களோடும் பெற்றோர்களோடும் ஒரு செய்தியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் எனச் சில நாள்களாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். பாம்பைப் பற்றிய செய்தி என்றதும் முகம் சுளிக்காமல் சற்றே பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'என்னால் மறக்க இயலாத நாள்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். வழக்கம்போல் லங்காவிப் பயணங்களும் பிறந்தநாள் விழாக்களும் வந்து குவிந்தன. ஒரு மாணவனின் கட்டுரை மட்டும் அரைப் பக்கத்தோடு நின்றுவிட்டது. 'அண்ணனின் பாம்புக்கு பூச்சி வந்தது. நான் மருந்து அடித்தேன். காலையில் பாம்பு செத்துவிட்டது.' இவ்வளவுதான். 'பாம்புக்குப் பூச்சி' என்று ஒற்றைத் திருத்திவிட்டுச் சிவப்பு மையெழுதுகோலைக் கீழே வைத்தேன். அதற்குமேல் திருத்த மனம் வரவில்லை.

ஓய்வு நேரத்தில் அவனை அழைத்துக் கேட்டேன். அண்ணன் வளர்த்தது பந்து மலைப்பாம்பு. மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த நஞ்சில்லாத இனம். அச்சம் கொண்டால் உடலைப் பந்துபோல் சுருட்டிக்கொள்ளும். அதன் கண்ணோரத்திலும் தாடைக்கு அடியிலும் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் ஊர்ந்திருக்கின்றன. பாம்பு இரண்டு நாளாகத் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வெளியே வரவில்லை. அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் கரப்பான்பூச்சிக்கு அடிக்கும் புட்டி இருந்தது. பையன் பெட்டிக்குள் அடித்து, பாம்பின் மேலும் அடித்து, பூச்சி தப்பிவிடக் கூடாதென்று மூடியையும் இறுக மூடிவிட்டான். இரவில் பாம்பு நடுங்கியது. மல்லாந்து கிடந்து திரும்ப முடியாமல் துடித்தது. "நான் மருந்துதானே அடிச்சேன் டீச்சர்?" என்று அவன் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அவன் கண்ட புள்ளிகள் பாம்புச் சிற்றுண்ணிகள். நாயைப் பற்றும் உண்ணிக்கு உறவு. ஆனால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் இருக்கும். செதில்களுக்கு இடையில் புகுந்து குருதியை உறிஞ்சும். மிகுந்துவிட்டால் பாம்புக்குக் குருதிச்சோகை ஏற்படும், தோலுரிப்பதும் தடைப்படும். தொல்லை தாங்காமல்தான் பாம்பு தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது. இதில் பலரும் அறியாத ஒன்று உண்டு. இந்த உண்ணி பாம்பின் உடலில் முட்டையிடுவதில்லை. பெட்டியின் இடுக்கிலும் மரப்பட்டையின் வெடிப்பிலும்தான் இடுகிறது. ஒரு பெண் உண்ணி 60 முதல் 80 முட்டைகள் வரை இடக்கூடும். 25 முதல் 30 பாகை வெப்பத்தில் முட்டை வளர்ந்து முழு உண்ணியாக இரண்டு மூன்று வாரங்கள் போதும். நம் நாட்டு வெப்பமும் ஈரப்பதமும் அதற்கு விருந்து வைத்தாற்போலத்தான்! ஆகவே பாம்பின் மேல் எதை அடித்தாலும் சிக்கல் பெட்டிக்குள் அப்படியே இருக்கும்.

வீட்டில் பயன்படுத்தும் தெளிப்பான்களில் பெரும்பாலும் பைரெத்ராய்டு வகை வேதிப்பொருள்கள் உள்ளன. அவை பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்பவை. பாம்புக்கும் நரம்பு உண்டல்லவா? மூடிய பெட்டிக்குள் அடிக்கும்போது தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் நஞ்சு ஏறுகிறது. பாம்பு தன் தண்ணீரிலும் அதையே குடிக்கிறது. புட்டியில் 'மனிதருக்கு இடர் குறைவு' என்னும் பொருளில் நீலப்பட்டையோ வெள்ளைப்பட்டையோ இருந்தாலும், அது மனிதரை மனத்தில் வைத்துக் கணித்த அளவு. ஒரு கிலோ எடைகூட இல்லாத உயிருக்குக் கணித்ததன்று.

அப்படியானால் வேதிப்பொருளே கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். அதே பைரெத்ராய்டு வகையைச் சேர்ந்த பெர்மெத்ரினைக் கொண்டு, ஊர்வனவற்றுக்கென்றே செய்யப்பட்ட தெளிப்பான்கள் உள்ளன. வேறுபாடு அளவிலும் முறையிலும்தான் இருக்கிறது. முதலில் பாம்பைக் காற்றுத்துளையுள்ள வேறொரு பெட்டிக்கு மாற்றி வெள்ளைக் காகிதத்துண்டின் மேல் விட வேண்டும். வெள்ளையில்தான் உண்ணி கண்ணுக்குத் தெரியும். பழைய மரத்தூளையும் பட்டையையும் கட்டி எறிந்துவிட்டு, பெட்டியை வெந்நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தை அகற்றியபின், விவரச்சீட்டில் சொல்லிய அளவு மட்டும் வெற்றுப் பெட்டிக்குள் தெளித்து, காற்றோட்டமான இடத்தில் முற்றிலும் உலர விட வேண்டும். ஈரமும் மணமும் போன பிறகே பாம்பு உள்ளே போகலாம். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் சீட்டில் கூறியபடி மீண்டும் ஒரு முறை செய்ய நேரும். இதைப் பெரியவர்கள் செய்ய வேண்டும், சிறுவர்கள் அல்லர். பெர்மெத்ரின் பூனைக்கும் மீனுக்கும் கடும் நஞ்சு. வீட்டில் அவை இருந்தால் அந்தப் பக்கமே வரக்கூடாது.

பாம்பின் உடலில் எதையும் தடவுவது கால்நடை மருத்துவரின் வேலை. ஐவர்மெக்டின் என்னும் மருந்தைச் சிலர் தாங்களே கலக்கித் தெளிக்கிறார்கள். பாம்புக்கு மருத்துவர் அளந்து கொடுக்கும் அந்த மருந்தே ஆமையைக் கொன்றுவிடும். ஒரே அறையில் பாம்பும் ஆமையும் வளர்ப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

தவறி அடித்துவிட்டால்? உடனே வெதுவெதுப்பான நீரில் கழுவி, காற்றோட்டமுள்ள தூய பெட்டிக்கு மாற்றி, புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இனி என் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். அந்தப் பையன் பிழை செய்தானா? நாம் கொடுத்த சொல்லைத்தான் அவன் நம்பினான். கொசுவுக்கு மருந்து, எலிக்கு மருந்து, புல்லுக்கு மருந்து என்று நம் தமிழில் கொல்லும் பொருளெல்லாம் மருந்தாகிவிட்டது. மலாய்மொழியில் எலிக்கும் புல்லுக்கும் 'ராச்சுன்' என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார்கள். ராச்சுன் என்றால் நஞ்சு. தேசிய மொழிப் பாடத்தில் நஞ்சென்று படிக்கும் பிள்ளை, வீட்டுக்கு வந்தால் மருந்தென்று கேட்கிறான்.

என் தாயார் தோட்டத்தில் 'மருந்தடிக்கும்' வேலை பார்த்தவர். முதுகில் தோம்பைச் சுமந்துகொண்டு, கையுறை இல்லாமல், முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரங்களுக்கிடையே களைக்கொல்லி தெளித்தார். நகங்கள் கறுத்து உதிர்ந்தன. பாராகுவாட் என்னும் அந்தக் களைக்கொல்லிக்கு நம் நாட்டில் 2002இல் தடை அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் முழுத் தடை வந்தது. 'நஞ்சடிக்கப் போகிறேன்' என்று சொல்லியிருந்தால் அம்மா ஒரு கையுறையாவது கேட்டிருப்பார் அல்லவா? மருந்து என்று சொன்னதால் அச்சம் விட்டுப்போயிற்று என்றே நான் கருதுகிறேன். இது என் சொந்தக் கருத்து; மறுப்பவர்கள் மறுக்கலாம்.

'பாம்பை எதற்கு வீட்டில் வளர்க்க வேண்டும்?' என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். கேள்வி முறையானதுதான். அண்ணன் பெர்ஹிலித்தானிடம் முறையாக உரிமம் எடுத்திருந்தான் என்பதோடு அதை விட்டுவிடுகிறேன். அதே புட்டி பூனையுள்ள வீட்டிலும் இருக்கிறது, தொட்டிலுள்ள வீட்டிலும் இருக்கிறது.

மறுவாரம் கழுவிய வெற்றுப் புட்டிகள் நான்கை வகுப்புக்குக் கொண்டுசென்றேன். குழு குழுவாக விவரச்சீட்டைப் படிக்க வைத்து, அதில் 'ராச்சுன்' வரும் இடமெல்லாம் தமிழில் 'நஞ்சு' என எழுதச் சொன்னேன். அந்தப் பையன் தன் குழுவுக்காக உரக்கப் படித்தான். கூடத்தில் 'மருந்து' என்று வாய்தவறிச் சொன்னவர்களை மற்றவர்களே திருத்தினார்கள்.

பாம்பின் பெட்டியைத் தன் நண்பனுக்குக் கொடுக்கப்போவதாக அண்ணன் சொன்னானாம். பாம்பு இல்லாவிட்டாலும் உண்ணி சில வாரங்கள் பட்டினியில் கிடக்கும் என்பதால், வெந்நீரில் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்னரே கொடுக்கும்படி பையனிடம் ஒரு தாளில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.