கையெழுத்துப் போடாதீர்கள்

"தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது, இதில் கையெழுத்துப் போடு" என்று ஆபீசில் சொன்னால், தோழர்களே, பேனாவைத் தொடாதீர்கள்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஆட்குறைப்புக்கு இரண்டில் ஒன்று வேண்டும்: தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி. அனுமதி கேட்டால் காரணம் காட்ட வேண்டும். அதனால்தான் நம் கையெழுத்தைத் தேடுகிறார்கள்.

சேமலாப நிதியும், 5 வருடம் வேலை செய்தவருக்குரிய பணிக்கொடையும் நாம் உழைத்துச் சேர்த்த காசு. பெயர் வெட்டியதற்கான நட்டஈடு வேறு. வேலையிழந்தோர் காப்புறுதி இல்லாத நாட்டில் அதையும் விடலாமா? அந்தக் காப்புறுதியையும் நாம் கேட்டே ஆக வேண்டும்.

கடிதம் கிடைத்த அன்றே தோட்டத் தலைவரிடம் காட்டுங்கள். தொழில் நியாய சபைக்குப் போக 6 மாதம்தான் தவணை.