கணவர் தேடும் இளமை, மனைவி தொலைத்த இளமை

அவருக்கு வயது 58. அவளுக்கு வயது 34.

காலையில் எழுந்ததும் அவர் முதலில் போய் நிற்கும் இடம் கண்ணாடி. மீசையில் ஒரு நரை தெரிந்தால் போதும். உடனே கருப்புச் சாயம் வெளியே வந்து விடும். வேட்டி கட்டிப் பழகியவர், இப்போது இறுக்கமான கால்சட்டை போடுகிறார். முழங்கால் வலித்தாலும் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிறார். அலமாரியில் லேகியம் ஒரு வரிசை. மாத்திரை ஒரு வரிசை.

அவளோ நேர்மாறு. மங்கிய நிறத்தில் தான் புடவை கட்டுகிறாள். பின்னலை விட்டு விட்டுக் கொண்டை போடுகிறாள். பூவைக் கூட அளந்து வைக்கிறாள். கோவிலில் யாராவது, "அப்பாவோடு வந்தாயா அம்மா?" என்று கேட்டு விடக் கூடாதே என்ற பயம்!

அவர் 10 வயதைக் குறைக்கப் பார்க்கிறார். அவள் 10 வயதைக் கூட்டப் பார்க்கிறாள்.

இது ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடப்பது அல்ல. கணவனுக்கும் மனைவிக்கும் 20 வயது, 25 வயது வித்தியாசம் உள்ள பல வீடுகளில் நடப்பது தான்.

போன இளமை திரும்பி வர வேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறார். அந்த ஆசை தவறா?

ஆசை தவறு இல்லை. ஆனால் அவர் ஒன்றை மறந்து விடுகிறார். அந்த வீட்டில் தொலைந்து போனது ஓர் இளமை அல்ல. இரண்டு!

அன்றும் இன்றும்

ஒரு காலத்தில் இப்படிப்பட்ட திருமணங்கள் நம் நாட்டில் சர்வசாதாரணம். முதல் மனைவி இறந்ததும், பேரன் பேத்தி எடுத்தவர் கூட மறுபடியும் மணவறையில் உட்காருவார். பக்கத்தில் பாவாடை கட்டிய சிறுமி இருப்பாள். வரதட்சணை கொடுக்க வழி இல்லாத தகப்பன், இரண்டாந்தாரம், மூன்றாந்தாரம் என்று பாராமல் பெண்ணைக் கொடுத்து விடுவான்.

இந்தக் கொடுமையைத் தான் 1938-ல் வந்த "சேவாசதனம்" படம் எடுத்துக் காட்டியது. டைரக்டர் கே.சுப்பிரமணியம். வயதானவருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணாக எம்.எஸ்.சுப்புலட்சுமி நடித்தார்.

சட்டமும் வந்தது. 1929-ல் நிறைவேறிய சாரதா சட்டம், பெண்ணுக்கு 14 வயது ஆகாமல் திருமணம் கூடாது என்றது. 1978-ல் அந்த வயது 18 ஆக உயர்ந்தது. ஆனால் மாப்பிள்ளைக்கு இத்தனை வயதுக்கு மேல் ஆகக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இன்று காரணங்கள் வேறு. மூன்று தங்கைகளைக் கரையேற்றி விட்டு, 42 வயதில் மாலை சூடுகிறவர் உண்டு. பாலைவன நாட்டில் 15 ஆண்டு உழைத்து, கடனை அடைத்து விட்டு, நரைத்த தலையோடு பெண் பார்க்க வருகிறவர் உண்டு. தாய் இல்லாத குழந்தைகளுக்காக மறுமணம் செய்து கொள்கிறவரும் உண்டு.

இவர்களைப் பார்த்துச் சிரிப்பது பாவம். இவர்களில் பலர் இளமையை உல்லாசமாகச் செலவழித்தவர்கள் அல்ல. குடும்பத்துக்காகக் கொடுத்தவர்கள். கொடுத்ததில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்காதா என்று தான் ஏங்குகிறார்கள்.

கண்ணாடி சொல்லும் சேதி

ஒத்த வயதுத் தம்பதிகளுக்கு மூப்பு வருவது தெரிவதில்லை. இவருக்கு நரை வரும்போது அவளுக்கும் நரை வரும். இவர் மூக்குக் கண்ணாடி வாங்கும்போது அவளும் வாங்குவாள். இருவரும் ஒருவரை ஒருவர் கேலி செய்து கொண்டே கிழவன் கிழவி ஆகி விடுவார்கள்.

வயது வித்தியாசம் அதிகம் உள்ள வீட்டில் அப்படி இல்லை. அங்கே கணவனுக்கு மனைவியே கண்ணாடி. அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தன் வயது நினைவுக்கு வருகிறது. துணிக்கடைப் பையன் "மகளுக்கா சார்?" என்று கேட்டால், அன்று இரவு அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

முதலில் வருவது வெட்கம். அடுத்து வருவது பயம். "இவள் நம்மை வெறுத்து விடுவாளோ?" என்ற பயம். அந்தப் பயம் முற்றினால் சந்தேகம். பால்காரனோடு என்ன பேச்சு? போனில் யார்? இந்தப் புடவை எதற்கு?

இளமையைத் தேடிப் புறப்பட்டவர், கடைசியில் மனைவியின் இளமைக்குக் காவல்காரர் ஆகி விடுகிறார்!

யயாதி கண்ட உண்மை

இந்த ஆசை புதியது அல்ல. மகாபாரதத்திலேயே இருக்கிறது.

யயாதி மகாராஜா, சுக்கிராச்சாரியார் சாபத்தால் கிழவன் ஆனான். "என் கிழத்தனத்தை வாங்கிக் கொண்டு உன் இளமையைக் கொடு" என்று தன் ஐந்து மகன்களிடமும் கேட்டான். நான்கு பேர் மறுத்து விட்டார்கள். கடைசி மகன் பூரு கொடுத்தான். யயாதி ஆயிரம் ஆண்டு சுகம் அனுபவித்தான். ஆசை அடங்கியதா? இல்லை! நெய் ஊற்றினால் தீ அணையாது என்பது அப்போது தான் அவனுக்குப் புரிந்தது. இளமையை மகனிடமே திருப்பிக் கொடுத்து விட்டுக் காட்டுக்குப் போனான்.

அதே பாரதத்தில் சியவன முனிவர் கதையும் உண்டு. கிழ முனிவருக்கு வாழ்க்கைப்பட்டவள் ராஜகுமாரி சுகன்யா. தேவ வைத்தியர்களான அசுவினி குமாரர்கள் அந்த முனிவரை வாலிபர் ஆக்கினார்கள். கடைகளில் விற்கும் "சியவனப்பிராசம்" அவர் பெயரால் வந்த லேகியம் தான். அதில் முக்கியமான சரக்கு நெல்லிக்காய். நெல்லிக்காய் நல்லது. ஆனால் அதைத் தின்று 58 வயது 28 ஆனதாக யாரும் கண்டதில்லை.

மேல்நாட்டாரும் விடவில்லை

1889-ல் பிரான்சில் பிரௌன்-செகார் என்ற பெரிய விஞ்ஞானி இருந்தார். அவருக்கு 72 வயது. நாய், சீமைப் பெருச்சாளி ஆகியவற்றின் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் தன் உடம்பில் ஏற்றிக் கொண்டார். "வாலிபம் திரும்பி விட்டது" என்று சபையில் அறிவித்தார். உலகமே பரபரப்பு அடைந்தது. ஐந்தே ஆண்டில், 1894-ல் அவர் இறந்து போனார். அந்தச் சாற்றில் சத்து எதுவும் இருந்திருக்க முடியாது என்று பின்னால் தெரிந்தது. அவருக்குத் தெம்பு கொடுத்தது மருந்து அல்ல, நம்பிக்கை!

1920-ல் பாரிசில் டாக்டர் வோரனாப் என்பவர், குரங்கின் சுரப்பியைத் துண்டு போட்டு மனிதர்களுக்கு வைத்துத் தைத்தார். பணக்காரக் கிழவர்கள் வரிசையில் நின்றார்கள். சில ஆண்டுகளில் அதுவும் வீண் என்று தெரிந்து விட்டது.

நோபல் பரிசு பெற்ற கவிஞர் யேட்ஸ் கதை இன்னும் பொருத்தமானது. 1917-ல் திருமணம் செய்தபோது அவருக்கு 52 வயது. மனைவிக்கு 25. 1934-ல், வாலிபம் திரும்புவதற்காக லண்டனில் ஓர் ஆபரேசன் செய்து கொண்டார். அது என்ன ஆபரேசன் தெரியுமா? இன்று ஆண்களுக்குச் செய்யும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேசன் போன்றது தான்! தமக்குப் புது உற்சாகம் பிறந்ததாக அவர் நம்பினார். நிறையக் கவிதை எழுதினார். ஆனால் அந்த உற்சாகம் மனைவியைத் தேடி வரவில்லை. வேறு இளம் பெண்களின் சிநேகத்தைத் தேடிப் போயிற்று. பெற்ற பிள்ளைகளையும், வீட்டையும், அவருடைய நோயையும் கவனித்துக் கொண்டு மனைவி இருந்தாள்.

கணவனுக்கு இளமை திரும்பினால் மனைவிக்குச் சுகம் என்று யார் சொன்னது?

பணமும் போகும், உடம்பும் போகும்

இன்று குரங்கு இல்லை. போனில் விளம்பரம் வருகிறது. "ஒரே வாரத்தில் வாலிப முறுக்கு" என்கிறது.

இத்தகைய விளம்பரம் சட்டப்படி குற்றம். 1954-ம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் போட்டு விட்டார்கள். குற்றவாளி கொடுப்பது நல்ல மருந்தாக இருக்குமா? பெயர் தெரியாத பஸ்பங்களில் பாதரசமும் ஈயமும் கலந்து, சிறுநீரகத்தைக் கெடுத்து விடுவது உண்டு. வீரிய மாத்திரைகளும் விளையாட்டு அல்ல. நெஞ்சு வலிக்காக நைட்ரேட் மருந்து சாப்பிடுகிறவர் அவற்றையும் விழுங்கினால் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கும். உயிருக்கே ஆபத்து. தலைக்குப் பூசும் சாயம் கூடச் சிலருக்கு ஒத்துக் கொள்ளாமல் முகம் வீங்கி விடும்.

உடம்பில் உண்மையான குறை இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். வெட்கப்பட வேண்டியது இல்லை. பல சமயம் அந்தக் குறைக்குக் காரணம் வயது அல்ல, சர்க்கரை வியாதியாக இருக்கும். அதைக் கவனித்தாலே பாதி முதுமை ஓடி விடும்.

அவள் கணக்கு

இப்போது அவள் பக்கம் பார்ப்போம்.

20 வயதில் வந்தாள். தோழிகளை விட்டாள். படிப்பை விட்டாள். "பெரியவர் வீட்டு மனைவி" என்ற அந்தஸ்துக்கு ஏற்றபடி சிரிப்பைக் கூடக் குறைத்துக் கொண்டாள். மாமியாருக்கு மருந்து, கணவனுக்குப் பத்தியம், மூத்தாள் பிள்ளைகளுக்குச் சோறு என்று 14 ஆண்டு ஓடி விட்டது.

அவளுடைய இளமைக்கு எந்தக் கடையில் லேகியம் விற்கிறது?

இனி வரப் போகும் கணக்கும் இருக்கிறது. அவளுக்கு 50 வயது ஆகும்போது அவருக்கு 74. அவளுக்கு 60 ஆகும்போது 84. இயற்கையின் போக்கில் அவள் பல ஆண்டுகள் தனியாக வாழ வேண்டி வரும். அந்த ஆண்டுகளுக்கு என்ன ஏற்பாடு?

சாயத்துக்கும் லேகியத்துக்கும் செலவழிக்கும் பணத்தை அவள் பெயரில் வங்கியில் போட்டால், அது அல்லவா அன்பு? 1956-ம் ஆண்டு இந்து வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் கணவன் இறந்தால், பிள்ளைகளைப் போல் மனைவிக்கும் அவன் சொத்தில் பங்கு உண்டு. ஆனால் மூத்தாள் பிள்ளைகளோடு கோர்ட்டு வாசலில் நின்று தான் அவள் அதை வாங்க வேண்டுமா? கண் மூடும் முன்பே தெளிவாக ஓர் உயில் எழுதி வைப்பது கணவனின் கடமை. குடியிருக்கும் வீடு யாருக்கு என்பதில் சந்தேகமே இருக்கக் கூடாது.

பாதியில் விட்ட படிப்பை அவள் தொடரட்டும். தையலோ, கணக்கோ, கடை வியாபாரமோ கற்றுக் கொள்ளட்டும். தோழியின் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகட்டும். சிவப்புப் புடவை கட்டட்டும். நிறையப் பூ வைக்கட்டும். கோவிலில் யாராவது "அப்பாவா?" என்று கேட்டால், "இல்லை, என் வீட்டுக்காரர்" என்று அவள் சிரித்துக் கொண்டே சொல்லட்டும். அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கட்டும்.

அந்தச் சிரிப்பில் வயது மறைந்து விடும். எந்தச் சாயத்தாலும் அது முடியாது.

தில்லையில் நடந்தது

சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோவில் என்று ஒரு கோவில் இருக்கிறது. அறுபத்து மூன்று நாயன்மாரில் ஒருவரான திருநீலகண்டர் வரலாறு அந்தக் கோவிலோடு சேர்ந்தது.

அவர் குயவர். வாலிபத்தில் ஒரு நாள் பரத்தை வீட்டுக்குப் போய் வந்து விட்டார். "இனி எம்மைத் தொடக் கூடாது" என்று மனைவி, திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டாள். அவரும் கட்டுப்பட்டார். ஒரே வீட்டில், ஒருவரை ஒருவர் தொடாமல், இருவரும் கிழவன் கிழவி ஆனார்கள். பிறகு சிவபெருமானின் சோதனையால், குளத்தில் இறங்க வேண்டி வந்தது. ஆளுக்கு ஒரு முனையாக மூங்கில் கழியைப் பிடித்துக் கொண்டார்கள். நடந்ததை அவர் ஊரார் முன்னால் வெட்கப்படாமல் சொன்னார். மூழ்கினார்கள். எழுந்தபோது இளமை திரும்பி இருந்தது.

யாருக்கு? இருவருக்கும்!

அவர் மட்டும் குளத்தில் இறங்கவில்லை. தன் தவறை ஒப்புக் கொண்டு, மனைவியையும் கூட அழைத்துக் கொண்டு இறங்கினார்.

இளமையைத் தேடும் கணவன்மார் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். கழியின் மறுமுனையில் ஒருத்தி நிற்கிறாள். அவளை முதலில் திரும்பிப் பார்க்க வேண்டும்.